அப்பாவின் 'நாங்கள்'

எங்கள் வீட்டில் ஒரு காஸ் சிலிண்டர் 40 நாள் வரும். 2006 ஜூனில் மாற்றிய சிலிண்டர் அடுத்த ஜனவரி முடிய வந்தது. சிலிண்டர் போடுகிற அண்ணன் ஒருநாள் தெருவில் நிறுத்தி, "என்ன ஸார், வீட்டுல சமைக்கிறதே இல்லையா?" என்று கிண்டலாகக் கேட்டார். அப்பா பெருமையாக "இல்லை" என்றார். உண்மைதான். அந்த எட்டு மாதம் விருந்தாளிகளுக்குக் காப்பி போட மட்டுமே எங்கள் அடுப்பு எரிந்தது. தேங்காய், வாழைப்பழம், முளைகட்டிய பயறு, ஊறவைத்த அவல், காலையில் வெண்பூசணிச் சாறு. அப்பா, அம்மா, நான், தம்பி எல்லோருக்கும் இதுதான். ஆச்சி மட்டும் சேரவில்லை. அவள் பின்கட்டில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு தனிக்குடித்தனம் போய்விட்டாள்.

நான் எழுத வந்தது இந்த நினைவுகளை அல்ல, ஒரு பிரதியைப் பற்றி. போன பொங்கலுக்குத் தென்காசி போயிருந்தபோது பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய மாத இதழ் கிடைத்தது. இயற்கை உணவுக்காரர்கள் நடத்தியது, சாணித் தாளில் அச்சடித்தது. 2006 செப்டம்பர் இதழ். அதில் வாசகர் அனுபவம் என்ற பகுதியில் அப்பா எழுதிய கடிதம். தலைப்பு, 'குடும்பத்தோடு மாறினோம்'. மேலே நாங்கள் நாலு பேரும் ஒரு வாழைத்தாரின் பக்கத்தில் நிற்கிற போட்டோ. எனக்குப் பதினைந்து வயது, ரெட்டைச் சடை.

ஒன்றரைப் பக்கக் கடிதத்துக்கு விமர்சனம் எதற்கு என்று தோன்றலாம். இந்தக் கடிதம் தனியானதல்ல, ஒரு வகைமை. அந்தப் பெட்டியில் அதே இதழின் ஏழெட்டுப் பிரதிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இதே மாதிரி ஒரு கடிதம், ஒரு குடும்பப் போட்டோ. ஊர் மாறும், நோய் மாறும், கதை மாறாது. இன்றைக்கு அது தாளிலிருந்து யூடியூபுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். நாவலையும் சிறுகதையையும் இத்தனை நுணுக்கமாகப் படிக்கிற நாம், நம் வீட்டுத் தட்டையே மாற்றிப் போடும் வல்லமை உள்ள இந்த எழுத்தை ஏன் படிப்பதே இல்லை?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவின் கடிதத்தில் பொய் இல்லை. அப்பா கணக்கு வாத்தியார், எண்களில் கவனமானவர். மூன்று மாதத்தில் எடை ஒன்பது கிலோ குறைந்தது, சர்க்கரை அளவு இறங்கியது என்று எழுதியிருக்கிறார். இரண்டும் நடந்தன. தம்பி சந்தோஷமாக இருக்கிறான் என்கிறார். இருந்தான், ஒன்பது வயதுப் பையனுக்கு தினமும் எட்டு வாழைப்பழம் தின்ன அனுமதி என்றால் எப்படி இருப்பான்? வீட்டில் அமைதி கூடியிருக்கிறது என்கிறார். மிக்ஸிச் சத்தத்தைக் கழித்துவிட்டால் அதுவும் சரிதான்.

பொய்யே இல்லாத ஒரு பிரதியில் என்ன கோளாறு? எண்ணிப் பார்த்தேன். 'நாங்கள்', 'எங்கள்', 'எங்களுக்கு' எல்லாமாகச் சேர்த்து 31 இடங்கள். 'நான்' வருவது இரண்டே இடம், இரண்டும் அவருடைய சர்க்கரையைப் பற்றிய வாக்கியங்கள். உடம்பு என்று வரும்போது 'நான்'. முடிவு என்று வரும்போது 'நாங்கள்'. "நாங்கள் சேர்ந்து முடிவெடுத்தோம்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த முடிவு எடுக்கப்பட்ட ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா மூன்று நாள் முகாம் போய்விட்டு வந்து, கையில் நாலு சின்னப் புத்தகங்களோடு கூடத்தில் உட்கார்ந்து பேசினார். அம்மா சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். கடைசியில், "அப்போ இந்த மாவ என்ன செய்ய?" என்று கேட்டாள். சேர்ந்து எடுத்த முடிவில் அம்மாவின் பங்கு அந்தக் கேள்வி.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலக்காரனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'வீ'. நமக்கு, கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' வேறு, அவரை வெளியே நிறுத்தும் 'நாங்கள்' வேறு. அப்பா கொண்டுவந்த புத்தகங்கள் முழுக்க 'நாம்' மயம். நாம் பாதை தவறிவிட்டோம், நாம் நெருப்பால் உணவைக் கொல்கிறோம். வாசகனின் தோளில் கைபோட்டு அழைத்துப் போகிற 'நாம்' அது. படித்து மாறியவர்கள் எழுதும் கடிதங்களிலோ 'நாங்கள்'. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டவர்களின் குரல். ஆனால் 'நாங்கள்' என்ற சொல் வெளியாளைத்தான் பிரித்துக் காட்டும். உள்ளே இருப்பவர்களில் யார் பேசுகிறார், யார் பேசப்படுகிறார் என்று அது சொல்லாது.

அம்மா அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு முறை வருகிறாள். அடுப்படியிலிருந்து என் துணைவியாருக்கு விடுதலை கிடைத்திருக்கிறது என்று அப்பா எழுதுகிறார். விடுதலை பெற்ற துணைவியாரின் ஒரு நாளைச் சொல்கிறேன். ராத்திரியே பயறும் கொண்டைக்கடலையும் ஊறப்போட வேண்டும். முந்தாநாள் ஊறியதைத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். அதில் எறும்பு ஏறாமல் பார்க்க வேண்டும், கோடையில் கெட்ட வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி. விடிகாலை வெண்பூசணி சீவி, அரைத்து, வடிகட்டி நாலு டம்ளர். பிறகு தேங்காய். ஒரு நாளைக்கு நாலு தேங்காய், உடைத்து, துருவி, பாதியைப் பாலெடுத்து. அரிவாள்மனைத் துருவலில் உட்கார்ந்து உட்கார்ந்து அம்மாவுக்கு வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தத் தோளைத் தேய்க்கச் சொல்வாள். சோறு என்றால் குக்கரில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பச்சை உணவுக்கு நெருப்பு செய்கிற வேலையைக் கை செய்ய வேண்டும். இந்த எளிய இயற்பியல் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அது மட்டுமில்லை. அவல் எப்படி வருகிறது? நெல்லை ஊறவைத்து, சூட்டில் வறுத்து, இடித்துத் தட்டையாக்கினால் அவல். வெல்லமும் கருப்பட்டியும்? மணிக்கணக்காகக் காய்ச்சி இறக்குவது. ஆக, நெருப்பு எங்கள் வீட்டைவிட்டுப் போனதே தவிர எங்கள் உணவைவிட்டுப் போகவில்லை. வேறு யாரோ எங்கேயோ புகைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். தம்பி ஒருநாள் இதை அப்பாவிடம் கேட்டே விட்டான். அவர் கொஞ்சம் யோசித்து, "அவல் விதிவிலக்கு" என்றார். கணக்கு வாத்தியார் அல்லவா.

இந்தப் புத்தகங்கள் ரிஷிகளையும் முன்னோர்களையும் கூப்பிடாமல் ஒரு பக்கம் நகராது. ஆனால் அவற்றின் தாத்தா வீடு ஜெர்மனி. எங்கள் குளியலறையில் அப்பா வாங்கி வைத்த இடுப்புக் குளியல் தொட்டி லைப்ஸிக்கின் லூயி கூனே சொன்ன சிகிச்சை. வயிற்றில் அப்பிக்கொள்ளும் மண்பட்டிக்குப் பின்னால் 'இயற்கைக்குத் திரும்புதல்' என்ற பொருளில் 1896-ல் புத்தகம் எழுதிய அடால்ஃப் யுஸ்ட் இருக்கிறார். இருவரையும் இங்கே பரவலாகக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு காந்திக்கு. அவர் சத்திய சோதனையிலேயே இவர்களைக் குறிப்பிடுகிறார், ஒளிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் லைப்ஸிக்கை மறந்துவிட்டு ரிஷிகளை வைத்துக்கொண்டார்கள்.

சரி, வகைமையின் கதையமைப்புக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உண்மையான கோபம்.

பச்சை உணவுக்கு மாறியதும் தலைவலி வந்தால், அது உடம்பு கழிவை வெளியேற்றுகிறது. வயிற்றுப்போக்கு, அதுவும் கழிவு. சோர்வு, தோல் வறட்சி, முடி கொட்டுதல், எல்லாம் குணமாவதற்கு முன் வரும் நெருக்கடி. நல்லது நடந்தால் உணவின் வெற்றி, கெட்டது நடந்தால் வெற்றியின் அறிகுறி. தோல்வி நுழைய ஒரு ஓட்டைகூட விடாமல் கட்டிய கதை. துப்பறியும் நாவலில் எல்லாத் தடயமும் ஒரே ஆளைக் காட்டினால் நமக்கு எழுத்தாளன் மேல் சந்தேகம் வரும், இங்கே மட்டும் பக்தி வருகிறது. தோற்றவர்கள் கடிதம் எழுதுவதில்லை. எழுதினாலும் போட மாட்டார்கள். அப்பாவின் கடிதமும் மூன்றாவது மாதம் எழுதியது. நாலாவது மாதத்திலிருந்து எட்டாவது மாதம் வரை எந்த இதழிலும் வராது.

நாலாவது மாதத்திலிருந்து எனக்குத் தூரம் வரவில்லை.

நான் கணக்கு வைக்கவில்லை, அம்மா வைத்திருந்தாள். இரண்டு மாதம் தள்ளிப்போனதும் அப்பாவிடம் சொன்னாள். என்னிடம் நேரடியாக அவரால் பேச முடியாது. ஆனால் புத்தகத்தில் தேடிப் பார்த்திருக்கிறார். அதில் பதில் இருந்தது. மாதவிடாய் என்பதே கழிவு வெளியேற்றம், உடம்பு சுத்தமாகிவிட்டால் அது குறையும், நிற்கவும் செய்யும். அம்மா என்னிடம் வந்து, "அப்பா சொல்லுதாக, ஒண்ணுமில்லையாம்டி. நல்லதுதானாம்" என்றாள். அவள் முகத்தில் அந்த வாக்கியத்தின் மேல் துளி நம்பிக்கை இல்லை. எனக்கு இருந்தது. நான் சுத்தமாகிக்கொண்டிருக்கிறேன் என்று பத்தாம் வகுப்பு வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அந்த நோட்டும் பெட்டியில் இருந்தது.

பின்னால் கல்லூரியில்தான் கீஸன் பல்கலைக்கழக ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஜெர்மனியில் நீண்ட காலம் பச்சை உணவு உண்ட 513 பேரைக் கேட்டு 1999-ல் வெளியிட்டது. 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் முழுமையாகவோ ஓரளவோ நின்றுபோயிருந்தது. எவ்வளவுக்குப் பச்சையோ அவ்வளவுக்கு அதிகம். காரணத்தில் மர்மம் ஒன்றுமில்லை. உள்ளே வரும் சக்தி போதவில்லை என்றால், கருவைச் சுமக்கும் ஏற்பாட்டை உடம்பு முதலில் நிறுத்திவைக்கிறது. ரிச்சர்ட் ராங்கம் 2009-ல் எழுதிய 'கேச்சிங் ஃபயர்' இந்த ஆய்வை எடுத்துக்கொண்டு, சமையல்தான் மனிதக் குரங்கை மனிதனாக்கியது என்று வாதிடுகிறது. வேகவைத்த மாவுச்சத்து எளிதாகச் செரிக்கும், குடல் சின்னதாகும், மூளைக்கு மிச்சம் கிடைக்கும். முழுசாக ஏற்கிறேனா என்றால் இல்லை, கற்கால அடுப்பைப் பற்றி அவர் சொல்வதில் ஊகமும் இருக்கிறது. ஆனால் சமையல்தான் பெண்ணை அடுப்போடு கட்டிப்போட்டது என்பதையும் அதே புத்தகம் மழுப்பாமல் சொல்கிறது. அடுப்பை எதிர்த்து எழுதியவர்கள் காணாததை அடுப்பைப் புகழ வந்தவர் கண்டிருக்கிறார்.

ஆச்சிக்கு கீஸன் தெரியாது. ஜனவரி கடைசியில் அம்மா யாருக்கும் சொல்லாமல் என்னை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். எடை 34 கிலோ. டாக்டரம்மா அம்மாவைத்தான் திட்டினார், என்ன தாய் நீங்க என்று. திட்டு வாங்க வேண்டிய 'நாங்கள்' அன்றைக்கு அம்மா ஒருத்தியாகச் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மா அழுததில் ஆச்சிக்கு விஷயம் தெரிந்தது. அவள் கூடத்துக்கு வந்து நின்று அப்பாவைப் பார்த்து, "ஏல, சமைஞ்ச பிள்ளைக்குச் சமைச்சுப் போடாம என்னல குடும்பம் நடத்துத?" என்று கேட்டாள். பெண் ஆளாவதற்கும் அரிசி வேகுவதற்கும் தமிழ் ஒரே வினையை வைத்திருக்கிறது. அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதலாம். ஆச்சி எழுதவில்லை. பின்கட்டு ஸ்டவ்வில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டினாள். நான் ஆளானபோது பதினாறு நாள் கொடுத்த அதே களி. மண்ணெண்ணெய் வாடையோடு சாப்பிட்டேன்.

தட்டைப் பற்றி இப்போது பேசினால் எல்லோரும் ஹான் காங் பக்கம் போகிறார்கள். 'மரக்கறி'யாகத் தமிழிலும் கிடைக்கிற அந்த நாவலில் ஒருத்தி கறி தின்ன மறுக்கிறாள், குடும்பமே கூடி அவள் வாயில் திணிக்கப் பார்க்கிறது. எங்கள் வீட்டுக் கதைக்கு நேர் எதிர்த் திசை. ஆனால் ஒன்று பொருந்துகிறது. நாவலின் மூன்று பகுதிகளும் அவளைச் சுற்றியிருப்பவர்கள் வழியாகத்தான் வருகின்றன. அவளுடைய 'நான்' கனவுகளில் மட்டும் எட்டிப்பார்க்கும். நாவலாசிரியர் அந்த மௌனத்தை வேண்டுமென்றே வைக்கிறார், வாசகன் உணரட்டும் என்று. அனுபவக் கடிதத்தில் அதே மௌனம் யாரும் கவனிக்காமலே விழுகிறது.

எனக்கு இதில் அதிகம் உதவியவர், ஆச்சரியம், காந்திதான். அப்பாவின் நாலு புத்தகங்களும் அவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டன. அதனால் கோபத்தோடுதான் சத்திய சோதனையை எடுத்தேன். கோபத்துக்கு வேண்டியது நிறையவே இருந்தது. தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாவுக்கு உடம்பு முடியாதபோது உப்பையும் பருப்பையும் விடச் சொல்கிறார். உங்களைச் சொன்னால் நீங்கள் விடுவீர்களா என்று அவர் மடக்குகிறார். உடனே காந்தி, இதோ ஒரு வருஷத்துக்கு விட்டேன் என்கிறார். கஸ்தூரிபா பதறிப்போய், நான் விட்டுவிடுகிறேன், நீங்கள் உங்கள் சபதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார். முடியாது என்கிறார். கஸ்தூரிபா அழுகிறார். காந்தி இதைத் தன் வாழ்வின் இனிய நினைவுகளில் ஒன்று என்று எழுதுகிறார்! படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மறுபடி திறந்தபோதுதான் கவனித்தேன். அந்த அழுகை பிரதியில் இருக்கிறது. கஸ்தூரிபாவின் எதிர்க்கேள்வி இருக்கிறது. இனிமை என்ற தன் தீர்ப்பை அவர் எழுதினாலும், அந்தத் தீர்ப்போடு நான் சண்டை போடத் தேவையான சாட்சியத்தையும் பக்கத்திலேயே விட்டுவைத்திருக்கிறார். பால் குடிப்பதில்லை என்ற சபதத்தோடு 1918-ல் வயிற்றுக்கடுப்பில் சாகக் கிடந்தபோது, ஆட்டுப்பால் உங்கள் சபதத்தில் இல்லையே என்று கஸ்தூரிபா சொல்கிறார். குடிக்கிறார். சபதத்தின் எழுத்து பிழைத்தது, ஆவி செத்தது என்ற பொருளில் அதையும் எழுதிவிடுகிறார்.

பச்சை உணவு விஷயம் இன்னும் சுவாரசியம். 1929-ல், 59 வயதில், முளைவிட்ட கோதுமை, அரைத்த பாதாம், பச்சைக் கீரை, எலுமிச்சை, தேன் என்று தோலாக் கணக்கில் நிறுத்துச் சாப்பிட ஆரம்பிக்கிறார். ஆசிரமவாசிகள் சிலரும் சேர்ந்துகொள்கிறார்கள். ஜூனில் யங் இந்தியாவில் எழுதுகிறார். பெண்களை அடுப்படி உழைப்பிலிருந்து இது விடுவிக்கும் என்ற வாதம் அங்கேயும் வருகிறது. அப்பாவின் துணைவியார் வாக்கியத்துக்கு மூலம் ஏறத்தாழ இதுதான். அங்கே தேங்காய் துருவியது யார் என்று காந்தியிடமும் கேட்க வேண்டியிருக்கிறது, ஆசிரமத்தில் பாதாமை அரைத்தது யார் என்று. ஆனால் ஆகஸ்டில் வயிற்றுக்கடுப்பு வந்து சோதனை முறிகிறது. அதே பத்திரிகையில், அதே வாசகர்களுக்கு, நிறுத்திவிட்டேன் என்று எழுதுகிறார். உணவின் மேல் நம்பிக்கை போகவில்லை அவருக்கு. ஆனால் குணமாவதற்கு முன் வரும் நெருக்கடி இது என்று கதைவிடவில்லை. ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். அப்பாவின் புத்தகங்கள் ஜூன் காந்தியை மேற்கோள் காட்டின. ஆகஸ்ட் காந்தியை ஒருவரும் சேர்க்கவில்லை.

இதழை அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு இப்போது 67 வயது. மதியம் கோதுமைக் கஞ்சி, இரண்டு சர்க்கரை மாத்திரை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். "எழுதினது எல்லாம் நடந்ததுதானே" என்றார். ஆமாம்ப்பா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஜனவரியில் ஒண்ணு எழுதி அனுப்பணும்னு நினைச்சேன். எழுதவும் செஞ்சேன். போஸ்ட் பண்ணலை" என்றார். அது எங்கே என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். பெட்டியைக் கடைசி வரைக்கும் கொட்டிப் பார்த்தேன், இல்லை.

அம்மா அந்தப் போட்டோவைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தத் தார் நம்ம வீட்டுதில்ல, தெரியுமா? போட்டோவுக்குன்னு பக்கத்து வீட்டுல இரவல் வாங்கினது. மறுநாள் திருப்பிக் கொடுத்தாச்சு" என்றாள்.